மதகடியில் இறக்கிய குடம்

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையாக இருந்தால் எனக்கு வேண்டிய மாதிரி முடித்திருப்பேன்.

ஹாஸ்டலில் யாராவது விளக்கை அணைத்துவிட்டுப் பேய்க் கதை ஆரம்பித்தால், நடுவில் சிரித்துக் காரியத்தைக் கெடுப்பவள் நான்தான். "அடி போடி, பேய்க்கு வேற வேலை இல்லையா, உன் மூஞ்சியப் பாக்கத்தான் வருதாக்கும்" என்பேன். எங்கள் ஊர் அதிராம்பட்டினம். சின்ன வயதில் நான் இருட்டைப் பார்த்து மிரண்டால் உம்மா ஓதி நெற்றியில் ஊதிவிடுவார். அதற்கும் சிரிப்பேன். அந்த அனீஸாதான் இதை எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கார்த்திகை மாதம். தஞ்சாவூரில் விஸ்காம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் நான்கு பேர் ஒரு டீம். இளஞ்செழியன் பாட்டு எழுதி, மெட்டும் போட்டு, டைரக்டர் என்று ஒரு தொப்பியும் வாங்கி வைத்துக்கொண்டவன். பாடியவள் வானதி, நடிப்பவளும் அவள்தான். குணசேகரனுக்கு ஸ்பீக்கர், லேப்டாப், எடிட்டிங். கேமரா நான். பரீட்சைக்குப் பதிலாக ஒரு பாட்டை வீடியோவாக எடுத்துக் கொடுக்க வேண்டும்.

செழியனின் பாட்டு, பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத மகளை அம்மா கூப்பிடுகிற பாட்டு. பல்லவி இதுதான்.

'வாடி கண்ணு வீட்டுக்கு... வெளக்கு வச்சாச்சு...'

அவ்வளவுதான். ஆனால் வானதி பாடிக் கேட்டபோது எனக்கே உம்மா ஞாபகம் வந்துவிட்டது. எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எங்கடா புடிச்ச இந்த வரிய?" என்று கேட்டேன்.

"எங்க அத்தை ஊர்ல. ரெண்டு வருஷம் முன்னாடி லீவுக்குப் போயிருந்தேன். பொழுது சாயுற நேரம், ஆத்துப் பக்கம் ஒரு பொம்பளக் குரல் இப்படிக் கூப்பிட்டுச்சு. விளையாடப் போன புள்ளையக் கூப்பிடுது போலன்னு நெனச்சேன். அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு."

அதே ஊரில்தான் படம் எடுக்கப் போனோம். வெட்டாற்றங்கரை. தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஊர் பெயர் வேண்டாம், அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் போனபோது செழியனின் மாமா துரைராசு மட்டும்தான் வீட்டில் இருந்தார். உரம் தெளித்துவிட்டு வந்து கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். ஒடிசலான மனிதர். பேச்சும் குறைவு.

"வாங்க தம்பி. வாங்கம்மா. ஒங்க அத்த பாபநாசத்துல ஒரு வளகாப்புக்குப் போயிருக்கா. வெளக்கு வக்கிறதுக்குள்ள வந்துடுவா. என்ன வேணுமோ எடுத்துக்கங்க."

கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை. சின்ன போட்டோவைப் பெரிதாக்கியது, அதனால் முகம் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. மாலை போட்டு, பக்கத்தில் சிவப்பு பல்பு எரிந்தது. வானதி என் கையைப் பிடித்தாள்.

மாமா உள்ளே போனதும் செழியன் மெதுவாகச் சொன்னான். "அத்தை பொண்ணு. கலைமகள். பிளஸ் ஒன் படிக்கிறப்ப ஆத்துல போயிட்டா. அஞ்சு வருஷம் ஆகப்போவுது. மாமாதான் குதிச்சுத் தூக்குனாரு. தூக்கும்போதே உசுரு இல்லையாம்."

"அட பாவி, அப்புறம் ஏண்டா இங்க வந்து எடுக்குற?" என்றாள் வானதி.

"வேற எங்கடி ஆறு, வயலு, வீடுன்னு எல்லாம் சேந்தாப்புல கெடைக்கும்? நம்ம எடுக்குறது பாட்டு. யாருக்கும் கெடுதல் இல்ல."

அதையும் நம்பிக்கொண்டோம்.

பாட்டில் வானதி ஆற்றில் தண்ணீர் மொண்டு, குடத்தை இடுப்பில் வைத்து, வயல் வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்து வர வேண்டும். பிளாஸ்டிக் குடம் படத்தில் நன்றாக இருக்காது. செழியன் பரணில் ஏறித் துழாவி ஒரு பித்தளைக் குடத்தை எடுத்தான். மஞ்சள் துணியில் சுற்றிக் கட்டியிருந்தது.

"டேய், சாமி குடமா இருக்கப் போவுது" என்றாள் வானதி.

"தூசி படாம சுத்தி வச்சிருக்காங்க. சும்மா பயமுறுத்தாத."

துணியை உருவி அங்கேயே போட்டுவிட்டு வந்தான்.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தால் சம்பா வயல். நடுவே அகலமான வரப்பு, ஆற்றுப் படித்துறை வரைக்கும் போகிறது. பாதி வழியில் ஒரு மதகு. ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலை அங்கேதான் திறந்து மூடுவார்கள். மதகின் மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுக் கட்டை. நாற்றுக் கட்டோ புல்லுக் கட்டோ, சுமந்து வருகிறவர்கள் எல்லாரும் அதன் மேல் இறக்கி மூச்சு வாங்கிவிட்டுத்தான் போவார்களாம். படித்துறையில் நின்றால் மூங்கில் புதர் மறைக்கும், வீடு தெரியாது. மதகுக்கு வந்தால்தான் வீடு தெரியும்.

அதனால்தான் கேமராவை மதகில் வைக்கச் சொன்னான் செழியன். "வானதி, இங்க வந்ததும் வீட்டப் பாக்குற. மூஞ்சியில அந்தச் சந்தோஷம் தெரியணும். அப்படியே குடத்தைக் கட்டையில எறக்கி வை. கட்."

ஐந்தரை மணிக்கு ஆரம்பித்தோம்.

மெதுவாக நகர்கிற மாதிரிப் பாட்டு எடுப்பதில் ஒரு வித்தை இருக்கிறது. எடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும். நடிப்பவளும் அதே வேகத்தில் வாயசைத்து, விறுவிறுவென்று நடக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரில் படத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் வாய் பாட்டோடு பொருந்திவிடும். நடை மட்டும் மிதக்கிற மாதிரி இருக்கும். குணா பெரிய ஸ்பீக்கரைப் படித்துறையிலேயே வைத்து, போனிலிருந்து பாட்டை ஓடவிட்டான். 'வாடிகண்ணுவீட்டுக்கு வாடிகண்ணுவீட்டுக்கு' என்று ஆற்றைப் பார்த்துக் கீச்சுக் குரலில் கத்தியது. சிரித்து உருண்டோம்.

முதல் டேக். வாயசைவு பொருந்தவில்லை. "கட்!" வானதி குடத்தைக் கட்டையில் இறக்கினாள். தண்ணீரை மதகடியில் கொட்டினாள். காலிக் குடத்தோடு திரும்பப் படித்துறைக்குப் போனாள்.

"காலிக் குடத்தோடயே நடக்குறேனேடா, தண்ணி தெரியவா போவுது?"

"காலிக் குடம்னா இடுப்பு காட்டிக் குடுத்துடும். நெறைய மொண்டு வா."

இரண்டாவது டேக். பாதியில் தாவணி முள்ளில் மாட்டியது. மதகு வரைக்கும் வந்து இறக்கினாள். கொட்டினாள். போனாள்.

மூன்றாவது டேக் நன்றாக வந்தது. ஆனால் கடைசியில் வானதி முகத்தைச் சுளித்துவிட்டாள். குடத்தை 'ணங்' என்று கட்டையில் வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், இது என்னடி இப்படிக் கனக்குது? மொதல்ல இவ்ளோ கனம் இல்ல."

"மெஸ்ல மூணு தோசைக்கு மேல கேக்குறப்ப இது தெரியலையாக்கும்?" என்றேன் நான். அவள் சிரிக்கவில்லை. தண்ணீரைக் கவிழ்த்தாள். ரொம்ப நேரம் ஊற்றியது போல இருந்தது எனக்கு.

பேட்டரி மாற்றக் குனிந்தபோதுதான் வரப்பைப் பார்த்தேன். காய்ந்த மண்ணில் ஈரக் கால்தடங்கள். வானதி படியில் இறங்கி மொண்டு வருகிறாள், ஈரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு ஜோடித் தடம். வானதியின் காலைவிடச் சின்னது. அதுவும் மதகு வரைக்கும் வந்திருந்தது. தண்ணீர் கொட்டிய இடத்தில் நின்றிருந்தது.

திரும்பிப் போன தடம் இல்லை.

குணாவின் காலைப் பார்த்தேன். ஷூ. செழியன் காலிலும் ஷூ. நான் என் வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவு நாள் எல்லாரையும் கிண்டல் செய்துவிட்டு, இப்போது நானே 'கால்தடம்டி' என்று கத்தினால் வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். அந்த வீம்புதான்.

"வாயசைவு சரியா வருதான்னு பாத்துடுவோம்" என்று குணா மூன்று டேக்கையும் லேப்டாப்பில் ஏற்றினான். கேமராவில் பதிவான சத்தத்தை அணைத்துவிட்டு, படத்தைப் பாதி வேகமாக்கி, மேலே பாட்டைப் போட்டு, நன்றாக வந்த மூன்றாவதை முதலில் ஓட்டினான். செழியனும் வானதியும் படித்துறைப் பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் குணாவும் மட்டும் பார்த்தோம்.

அழகாக இருந்தது. வானதி மிதந்து வந்தாள். சடை மெதுவாக ஆடியது. குடத்திலிருந்து தெறித்த தண்ணீர் மெதுவாக விழுந்தது. பின்னால் மூங்கில் இலைகூட மெதுவாக அசைந்தது.

அவளுக்குப் பின்னால் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

முகம் தெரியவில்லை. கால்களோடு ஒட்டிய ஈரப் பாவாடை மட்டும் தெரிந்தது. படத்தில் எல்லாமே மெதுவாக நகர்கிறது. அவள் மட்டும்... நாம் தெருவில் நடப்போமே, அந்த மாதிரி சாதாரணமாக நடந்து வந்தாள்.

"லேப்டாப் ஹேங் ஆகுதா?" என்றேன்.

"ஹேங் ஆனா மொத்தப் படமும்ல ஆவணும்." குணாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "பாதி வேகத்துலயே இப்படித் தெரியுதுன்னா... நேர்ல இவ ஓடி வந்திருக்கணும் அனீ."

ஓடி வந்திருக்கிறாள். பாட்டு இரட்டை வேகத்தில் கூப்பிட்டது இல்லையா... அதே வேகத்தில்.

நான் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றேன். யாரும் ஓடி வரவில்லை.

குணா முதல் டேக்கை ஓட்டினான். மூங்கில் இடுக்கில் தெரிகிற படித்துறையின் மேல்படியில் நிற்கிறாள். இரண்டாவதில் மூங்கில் பக்கம். மூன்றாவதில் வானதிக்கு நாலடி பின்னால். வானதி குடத்தை இறக்கித் தண்ணீரைக் கவிழ்த்ததும் அவள் நின்றுவிடுகிறாள். தலையைக் குனிந்து, தண்ணீர் கொட்டிய இடத்தைப் பார்க்கிறாள்.

படம் அதோடு முடிந்தது. குணா லேப்டாப்பை மூடினான்.

"வானதிகிட்ட சொல்லாத."

"கிளம்பிடலாம் குணா."

அதற்குள் செழியன் வந்துவிட்டான். பார்த்ததைச் சொன்னோம். "ஊர்ப் பொண்ணு யாராச்சும் தண்ணிக்கு வந்திருக்கும், அதுக்குப் போயி..." என்று மூடிய லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு டேக். இன்னைக்கு விட்டா இந்த வெளிச்சம் கெடைக்காது."

ஒரே ஒரு டேக் என்று சொல்லி இரண்டு எடுத்தான். இரண்டிலும் வானதி குடத்தைக் கட்டையில் இறக்கினாள். இரண்டு தடவையும் தண்ணீரைக் கொட்டினாள். நான் கேமரா ஸ்கிரீனை மட்டும்தான் பார்த்தேன், அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்கிரீனில் யாரும் இல்லை.

அதற்கும் மேல் ஒன்று, கடைசி டேக். ஆறு நாற்பது. இருட்டிவிட்டது. செழியன் எல்.இ.டி. விளக்கைத் தூக்கிப் பிடித்தான். எனக்குப் பின்னால், தூரத்தில், வீட்டுக் கொல்லை பல்பு எரிந்தது. அத்தை வந்துவிட்டார் போலிருக்கிறது.

குணா பாட்டை ஓடவிட்டான்.

'வாடிகண்ணுவீட்டுக்கு...'

அதுவரை காதைக் கிழித்த தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

வானதி மூங்கிலைத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அப்பாடா என்று இருந்தது.

ஆனால் அவள் வாயசைக்கவில்லை.

குடத்தை இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வானதி, பாடு!" செழியன் கத்தினான்.

மதகுக்கு வந்தாள்.

"கட்! எறக்கு!"

இறக்கவில்லை.

என்னைத் தாண்டிப் போனாள். போகும்போது முணுமுணுத்தாள்.

"எறக்க முடியல அனீ... எறக்க விட மாட்டேங்குது..."

அவள் கடந்ததும் ஆற்றுச் சேற்று வாசம் வந்தது.

அப்புறம்... என் இடது பக்கம், ரொம்பக் கிட்டத்தில், ஈரத் துணி காலில் அடிக்கிற சத்தம்.

சளக்... சளக்... சளக்...

வானதியின் தாவணி காய்ந்திருந்தது.

"யா அல்லாஹ்" என்றேன். கேமராவை ஸ்டாண்டிலிருந்து உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். ரெக்கார்டிங்கை நிறுத்தத் தோன்றவில்லை. செழியனும் குணாவும் என் பின்னால் ஓடி வந்தார்கள். ஸ்பீக்கர் அங்கேயே கத்திக்கொண்டிருந்தது.

கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. வானதி அதன் முன்னால் போய் நின்றாள். தட்டவில்லை. எங்களுக்கு மூச்சு இரைத்தது.

உள்ளேயிருந்து அத்தையின் குரல். "யாரு?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

தாழ்ப்பாள் தடதடவென்று விழுந்தது. அம்சம் அத்தை கதவை விரியத் திறந்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்கு மேலே, பின்னால், பக்கத்தில் என்று இருட்டில் எதையோ தேடினார். அப்புறம்தான் வானதியின் கையிலிருந்த குடத்தைப் பார்த்தார்.

"இத யாரு எடுத்தது?"

செழியன் ஓரடி முன்னால் வந்தான். "நான்தான் அத்தை... ஷூட்டிங்குக்கு..."

அத்தை குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வானதியின் தலையிலிருந்து விழுந்த மல்லிகைப் பூக்கள். மிதக்கவில்லை. எல்லாம் அடியில், கூழாங்கல் போலக் கிடந்தன.

அத்தை அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அழுதார். அந்த அழுகையை எப்படிச் சொல்ல... வலி இல்லை அதில். பஸ் ஸ்டாண்டில் காணாமல் போன பிள்ளை கையில் கிடைத்தால் அம்மாக்கள் திட்டிக்கொண்டே அழுவார்களே, அது.

"எங்கடி போயிருந்த... எத்தன வருஷம்டி..."

கொஞ்சம் தெளிந்தபின் அவரே சொன்னார். கன்னியாகச் செத்துப்போன பெண்ணை வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்குக் கூப்பிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கமாம். பொழுது சாய ஆற்றுக்குப் போய், பெயர் சொல்லாமல் கூப்பிட்டு, குடத்தில் மொண்டு வந்து விளக்குக்கு முன்னால் வைத்துப் பூப் போட வேண்டும். பூ முங்கினால் வந்துவிட்டாள் என்று அர்த்தம். மறுநாள் காலையில் தண்ணீரை ஆற்றிலேயே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.

"நாலு வருஷமா கூப்பிடுறேன். பூ முங்குனதே இல்ல. எம்மேல என்ன கோவமோன்னு..." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நீங்க என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

செழியன் தரையைப் பார்த்தபடி அந்தப் பல்லவியைச் சொன்னான். பாடவில்லை, சொன்னான்.

அத்தை கேட்டார். "அது நான் கூப்பிடுறதாச்சே தம்பி. அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு வருஷம் முன்னால் ஆற்றுப் பக்கம் அவன் கேட்ட குரல் அவருடையதுதான்.

"ஒரே கூப்பாட்டுல வந்துட்டாளா எம் பொண்ணு?"

எத்தனை முறை கூப்பிட்டோம், எத்தனை முறை பாதி வழி வரைக்கும் கொண்டு வந்து மண்ணில் கொட்டினோம் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வானதி சுவரோடு ஒட்டி நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா எங்கள் பின்னால் எப்போது வந்தார் என்று தெரியாது. குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி பஸ் பிடித்துத் திரும்பிவிட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

நான்காம் நாள் குணா போன் செய்தான். "அனீ, கொஞ்சம் வா. நான் தனியா இருக்கேன், கேக்க முடியல."

எடிட்டிங் செய்யும்போது கேமராவின் மைக்கில் பதிவான சத்தத்தை வைத்துத்தான் பாட்டை இடம் பார்த்துப் பொருத்துவார்கள். பொருத்தியபின் அதை அணைத்துவிடுவார்கள். அன்றைக்கு ஆற்றங்கரையில் அதை நாங்கள் கேட்கவே இல்லை. இப்போது குணா ஹெட்போனை என் காதில் மாட்டினான். முதல் டேக்.

ஸ்பீக்கரின் கீச்சுக் குரல். செழியனின் "கட்!" குடம் கட்டையில் உட்காருகிற 'ணங்'. தண்ணீர் கொட்டுகிற சத்தம். அப்புறம்... மைக்கை ஒட்டினாற்போல்... மூச்சோடு மூச்சாக ஒரு பெண் குரல்.

"எறக்காதப்பா... வீடு அந்தா தெரியுதே..."

இரண்டாவது டேக்கிலும் அதே குரல், அதே சொல். மூன்றாவதிலும். குடத்தை இறக்கிய ஒவ்வொரு டேக்கிலும். கோபமே இல்லை. கெஞ்சல். பயந்துபோய் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன், அப்புறம் அழுதேன். அந்தப் பெண் அவ்வளவு கெஞ்சியிருக்கிறாள், நான் அங்கேயே நின்று வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன்.

செழியன் ஒரு தடவைதான் கேட்டான். "கலை குரல்டா" என்றான். எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். வீடியோவும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம்.

அழிப்பதற்குள் மாமா வந்துவிட்டார்.

கல்லூரி வாசலில் துண்டும் மஞ்சள் பையுமாக நின்றார். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அன்னைக்கு ஆத்தங்கரையில என்னப்பா பண்ணுனீங்க? மறச்சிடாம சொல்லுங்க. ஒங்க அத்த குடத்துத் தண்ணிய ஆத்துல விட மாட்டேங்குறா. தட்டுப் போட்டு மூடி, பக்கத்துலயே பாயப் போட்டுப் படுத்துக்குறா. எடுக்கப் போனா சண்ட போடுறா."

செழியன் எல்லாவற்றையும் சொன்னான். கொட்டியதையும் சொன்னான். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, அந்தக் குரலையும் கேட்க வைத்தோம். பெற்றவரிடம் மறைக்க எங்களுக்கு என்ன உரிமை? குணா லேப்டாப்பிலிருந்து எல்லா டேக்கையும் என் போனுக்கு மாற்றினான், நான்தான் ஹெட்போனை அவர் காதில் வைத்தேன்.

கேட்டார். கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து வேட்டியில் ஊற்றியது. அவருக்கு அது தெரியவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"தூக்கும்போதே உசுரு இல்லன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். ஒங்க அத்தைகிட்டயும் அதான் சொன்னேன். பொய்யி." துண்டைக் கையில் சுற்றிக்கொண்டார். "இருந்துச்சு. தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்தேன். மதகு வந்ததும் என்னால முடியல. ஒரு மூச்சு வாங்கிட்டுத் தூக்கலாம்னு அந்தக் கட்டையில எறக்குனேன். அப்பதான் இத சொன்னா. இதே சொல்லு. திரும்பத் தூக்குறேன்... தல சாஞ்சிடுச்சு."

டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"இது எனக்கு மட்டும்தான்மா தெரியும். ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. ஒங்க அத்தைக்கு முட்டி வலி. வருஷா வருஷம் குடத்தோட வர்றவ, அந்தக் கட்டையிலதான் எறக்கி மூச்சு வாங்குவா. நானும் கூடத்தான் வருவேன். எறக்காதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா ஏன்னு கேப்பாளே."

செழியன் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். அவர் அவன் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடும்மா."

போட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன். நாங்கள் நடுங்கி அழிக்க இருந்த சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு, காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கேட்டார்.

"கடைசியா வீட்டுக்கு எடுத்துட்டு வந்தீங்களே, அதுல என்ன சொல்றா?"

அதை நாங்கள் யாருமே கேட்டிருக்கவில்லை. பாட்டுக்கு உதவாது என்று குணா தொடவே இல்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதிலும் இன்னொரு பக்கத்தை என் காதிலும் வைத்துக்கொண்டு ஓடவிட்டேன்.

மதகு வந்தது. "கட்! எறக்கு!" குரல் இல்லை. நாங்கள் ஓடுகிற சத்தம். கேமரா என் நெஞ்சில் மோதுகிற சத்தம். சளக்... சளக்... சளக்... குரல் இல்லை. மூச்சிரைப்பு. எல்லாம் நின்றது.

உள்ளேயிருந்து அத்தை. "யாரு?"

நாங்கள் ஒருவரும் வாயைத் திறக்காத அந்த இடத்தில்... தெளிவாக...

"நான்தாம்மா."

தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

மாமா ஹெட்போனைக் கழற்றினார். வயரைச் சிக்கல் இல்லாமல் சுற்றி என் கையில் கொடுத்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மாமா, இருந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்றான் செழியன்.

"இல்லப்பா. பஸ்ஸு போயிடும்." செருப்பை மாட்டிக்கொண்டார். "வீட்டுல ரெண்டு பேரும் தனியா இருப்பாங்க."